பம்புக்கு வராத கரண்ட்

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்குச் சீனி மோட்டார் சைக்கிளில் ஏறி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு வீடு தள்ளி அண்ணியின் குரல் கேட்டது.

"சீனி! மறுபடியும் எடுக்கல!"

எது எடுக்கவில்லை என்று கேட்கவே தேவையில்லை, அவள் வண்டிதான். இரண்டு வாரத்தில் இது மூன்றாவது தடவை. சீனி ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் தொங்கவிட்டு, பின்பெட்டியிலிருந்து டூல் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். வேலைக்குத் தாமதமாகப் போனால் முதலாளி தௌக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும், அந்த முகம் எப்போது இறங்கியிருந்தது?

ஈப்போவில், மெங்லெம்பு பக்கம் ஒரு கார் பட்டறையில் சீனிக்கு வயரிங் வேலை. இருபத்தைந்து வருஷமாக ஒரே பட்டறை, ஒரே தௌக்கே. இன்ஜினைப் பிரித்து மேய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். டீசல் வண்டியில் கரண்ட் எங்கே புறப்பட்டு எந்த இடத்தில் போய்ச் சேராமல் நிற்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை. தாப்பாவிலிருந்துகூட வண்டியை இழுத்துக்கொண்டு வந்து, "வயர் சீனி இருக்காரா?" என்று கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவனுக்கு அண்ணியின் வண்டி மட்டும் இரண்டு வாரமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அண்ணி புனிதா வீட்டு முன்னால் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். புதுப் பஞ்சாபி சூட் போட்டிருந்தாள், கையில் பிளாஸ்டிக் உறையில் பத்திரங்கள். அழவில்லை. அழுதிருந்தால் சீனிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எத்தன மணிக்கு அண்ணி?"

"பத்து. இன்னிக்கும் போகலன்னா அவ்ளோதான்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

விஷயம் இதுதான். காம்பாரில் பல்கலைக்கழகம் வந்தபிறகு மாணவர் விடுதிகள் மழைக்காலத்துக் காளான் மாதிரிப் பெருகிவிட்டன. அங்கே சலவைக்கடை வைத்திருக்கும் ஒரு சீன அம்மாவுக்கு, விடுதி விடுதியாகப் போய்த் துணி மூட்டைகளை எடுத்துவந்து திருப்பிக் கொடுக்க ஒரு பெண் வேண்டும். சொந்த வண்டியோடு வேண்டும். அண்ணியிடம் வண்டி இருந்தது. பழைய டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம், பின்சீட்டை மடக்கினால் மூட்டை ஏற்றலாம். வண்டியோடு வா, பார்க்கிறேன் என்றாள் அந்த அம்மா. முதல் தடவை போகக் கிளம்பியபோது வண்டி எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு வேறு நாள் வாங்கினாள். அன்றைக்கும் எடுக்கவில்லை. வண்டியையே நம்ப முடியாவிட்டால் நான் எப்படி உன்னை நம்புவது என்று அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

வேறு வண்டியில் போவதற்கும் வழியில்லை. இவர்கள் குடியிருக்கும் பெல்மோர் தோட்டம் பெரிய சாலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ரப்பர் போய் செம்பனை வந்து, பாதி லயங்களை இடித்து, மிச்சமிருந்த பன்னிரண்டு வீட்டில் தமிழர்கள் இருக்கிறார்கள். பஸ் நின்று பல வருஷமாகிறது. கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிட்டால், செம்மண் பாதையைப் பார்த்ததும் டிரைவர் கேன்சல் பண்ணிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். இங்கே வண்டி இல்லாதவருக்குக் கால் இல்லை என்றுதான் அர்த்தம்.

"அண்ணன் எங்க?"

"விடியகாலைலயே தோட்டத்து ஆபீஸ் கிராணி கூப்பிட்டுட்டாரு. இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சலாம். பசியாற வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு."

அண்ணன் மகேந்திரன் தோட்டத்து லோரி டிரைவர். முந்திய இரண்டு தடவையும் வீட்டில்தான் இருந்தான். தம்பி பட்டறையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் அவனே வண்டியில் ஏறி உட்கார்ந்து, அங்கே தட்டி இங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப பாருடா" என்பான். சீனி சாவியைத் திருப்புவான், வண்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுத்துக்கொள்ளும். அதற்குள் மணி பதினொன்று ஆகியிருக்கும். ஓடுகிற வண்டியில் கோளாறு தேடுவது, வலி நின்றபிறகு டாக்டரிடம் போகிற கதைதான். சீனி ரிலேயை மாற்றினான், எர்த் வயரைத் தேய்த்துச் சுத்தம் செய்தான், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "டீசல் பம்ப்தான் சந்தேகமா இருக்கு அண்ணி" என்றான். வயரிங்காரனுக்குக் கோளாறு பிடிபடாவிட்டால் பம்பின் தலையில் கட்டுவது வழக்கம். பம்ப் வாய் திறந்து பேசவா போகிறது?

இன்றைக்கு வண்டி எடுக்காமலே நிற்கிறது. ஒருவகையில் சீனிக்கு அது சந்தோஷம். கோளாறு இருக்கும்போதே கையில் சிக்கியிருக்கிறது.

"சாவியப் போட்டு அடிங்க அண்ணி."

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. சீனி பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தான். ஒரு பொட்டுப் புகை இல்லை. டீசல் உள்ளே போய் எரியாமல் வந்தால் வெள்ளைப் புகையாவது வரும். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

"போதும். பேட்டரி செத்துரும். சாவிய மட்டும் ஆன்ல விட்டுட்டு எறங்கி வாங்க."

அவனுக்கு ஒரு வரிசை உண்டு, எவ்வளவு அவசரமானாலும் அதை மாற்றமாட்டான். முதலில் பேட்டரி. மீட்டரில் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது, நல்லது. அடுத்து ஃபியூஸ். பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான், கம்பி முழுசாக இருந்தது. அடுத்து ரிலே. அண்ணியைச் சாவியை அணைத்துப் போடச் சொல்லி, ரிலேயின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். விரலுக்கடியில் துடித்தது. ரிலேயிலிருந்து வெளியே போகிற வயரில் மீட்டரை வைத்தான். பன்னிரண்டு வோல்ட் இருந்தது.

"இதுவரைக்கும் கரண்டு வருது அண்ணி. இனிமே பம்புதான்."

டீசல் பம்பின் தலையில் கட்டைவிரல் பருமனில் ஒரு வால்வு இருக்கும். சாவியைத் திருப்பினால் அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வரவேண்டும். வந்தால் 'டக்' என்று திறந்து டீசலை விடும். வராவிட்டால் மூடியே கிடக்கும், ஸ்டார்ட்டர் தலைகீழாக நின்று சுற்றினாலும் இன்ஜின் எடுக்காது. சீனி அந்த வால்வின் வயரைக் கழற்றி மீட்டரை வைத்தான்.

பூஜ்யம்.

மீட்டரை நம்பாமல் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தான். சின்ன பல்பு, ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி. கிளிப்பை இரும்பில் மாட்டி, ஊசியை வயரில் வைத்தான். பல்பு எரியவில்லை.

"எரியலயே" என்றாள் அண்ணி. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க கரண்டு இருக்கு, இங்க இல்ல. அப்ப நடுவுல என்னா இருக்கு?"

நடுவில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் சீனி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் ஒரு பிக்கப்பைத் திருடிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே அண்ணன் வந்து, "நம்ம வண்டிக்கும் ஒரு சீக்ரெட் சுவிட்ச் வச்சிருடா" என்றான். சீனிக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை, வாரத்துக்கு இரண்டு மூன்று வைப்பான். பம்புக்குப் போகிற வயரை நடுவில் வெட்டி, உள்ளே இழுத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் கை போகாத இடத்தில் சுண்டுவிரல் நகமளவு ஒரு சுவிட்சில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதை அணைத்துவிட்டால் திருடன் சாவியோடு வந்தாலும் வண்டி நகராது. வைத்து முடித்ததும் வண்டிக்காரரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்து வைத்துக் காட்டுவான். "பொண்டாட்டிக்கிட்டகூடச் சொல்லாதீங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரித்தான்.

அந்தச் சுவிட்சை அவன் மறக்கவில்லை. முந்திய இரண்டு தடவையும் கையை விட்டுப் பார்த்திருக்கிறான், போட்டேதான் இருந்தது. அதனால் அதை மனதிலிருந்தே தள்ளிவிட்டான். அவன் பார்ப்பதற்கு முன்னால் அண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்து தட்டிப் பார்த்ததை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. வயரில்தான் கோளாறு இருக்கும் என்று நினைக்கிற புத்தி அவனுக்கு. மனுஷனில் தேடிப் பழக்கமில்லை.

"அண்ணி, இந்த லேம்ப்ப இப்படியே வச்சுப் பிடிங்க. ஊசிய எடுக்காதீங்க. நான் உள்ள பாக்குறேன்."

இடப்பக்கக் கதவைத் திறந்து மண்டியிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டான். பானட் தூக்கியிருந்ததால் அண்ணிக்கு அவன் தெரியமாட்டான். விரல் சுவிட்சைத் தொட்டது. அணைத்திருந்தது.

சுவிட்ச் தானாக அணையாது. அவனே பார்த்துப் பொறுக்கிய சாமான், அழுத்தி விட்டால்தான் நகரும். நேற்று சாயங்காலம் பெரிய சாலைவரை போய் டீசல் ஊற்றிக்கொண்டு வந்தாள் அண்ணி. அதற்குப் பிறகு இந்த வண்டிக்கருகில் வந்தவன் ஒருத்தன்தான்.

அடுத்தது சீனிக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கமுந்திங்கில் அண்ணியின் அம்மா செத்துப் பதினாறாம் நாள். அண்ணி விடியற்காலையிலேயே குளித்துக் கிளம்பி நின்றாள். வண்டி எடுக்கவில்லை. அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதது இந்த லயத்துக்கே கேட்டது. அன்றைக்கும் சீனிதான் வந்து பார்த்தான். அன்றைக்கும் அவன் வந்தபோது அண்ணன் உள்ளே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கும் மத்தியானம் வண்டி எடுத்துக்கொண்டது. அன்றைக்கும் சீனி, "பம்ப் அண்ணி. பழைய வண்டில்ல" என்றான். அவன் சொன்னதால்தான் அவள் நம்பினாள். ஈப்போவில் பேர் போன ஆள் அல்லவா!

கோபமாக வந்தது. வந்த கோபம் யார் மேல் போவது என்று தெரியாமல் நின்றது. அண்ணன் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கையை ஓங்கமாட்டான், குரலைக்கூட உயர்த்தமாட்டான். அப்பா லோரியிலிருந்து விழுந்து செத்தபோது சீனிக்குப் பதினான்கு வயது, அண்ணனுக்கு இருபத்தொன்று. அப்பா ஓட்டிய அதே லோரியில் அண்ணன் ஏறினான். தம்பியை ஈப்போவுக்கு அனுப்பி வயரிங் படிக்கவைத்தான். ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு வந்து, பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் சொன்னால் சீனி மறுபேச்சுப் பேசியதில்லை. பேச வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சிங்கப்பூரில் பஸ் டிப்போவில் வேலை கிடைத்தபோதும் அப்படித்தான். பன்னிரண்டு வருஷமிருக்கும். பெட்டி கட்டியாயிற்று. கிளம்புகிற அன்று காலை அண்ணனுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணனை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு பெண் பார்த்தார்கள், நிச்சயம் வரைக்கும் போய் என்னவோ காரணத்தால் நின்றுபோனது. என்ன காரணம் என்று சீனி கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த நெஞ்சு வலியையும் அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு, முதல் தடவையாகச் சந்தேகப்பட்டான்.

சரி, இப்போதைக்குச் சுவிட்சைப் போட்டுவிடுவோம். அண்ணி போகட்டும். மற்றதைச் சாயங்காலம் அண்ணனிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான். பேசமாட்டான் என்பது அவனுக்கே தெரியும். விரலால் அழுத்தினான்.

"சீனி!" முன்னாலிருந்து அண்ணி கத்தினாள். "எரியுது! என்னா பண்ணே?"

"வயரு லூசு அண்ணி. ஆட்டிவிட்டேன்."



"திரும்ப ஆட்டு."

"அண்ணி?"

"லூசுன்னா ஆட்டுறப்ப மினுக்கணும்ல? ஆட்டு, பாக்குறேன்."

சீனி டேஷ்போர்டின் அடியில் கிடந்த வயர்க் கட்டைப் பிடித்து ஆட்டினான். அவன் கட்டிய கட்டு, கல் மாதிரி இருந்தது. பல்பு மினுக்கியிருக்காது. மினுக்காது என்று அவனுக்கும் தெரியும். நன்றாக வேலை செய்ததற்காக ஒருத்தன் வருத்தப்பட வேண்டியிருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

அண்ணி சுற்றிக்கொண்டு வந்து கதவருகே நின்றாள். லேம்ப் இன்னும் கையில் இருந்தது.

"மினுக்கவே இல்ல. நீ கைய வச்சே, பட்டுன்னு எரிஞ்சுச்சு. அங்க என்னா இருக்கு சீனி?"

அவன் மண்டியிட்டபடியே தரையைப் பார்த்தான். வண்டிக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லக்கூடாது. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்படி நினைக்கும்போதே அண்ணியின் கையிலிருந்த பிளாஸ்டிக் உறை கண்ணில் பட்டது. மேலே இருந்தது வண்டியின் கெரான், உரிமைப் பத்திரம். அண்ணன் பெயரில் பழைய போலீஸ் சம்மன்கள் தீராமல் கிடந்ததால் வண்டியை அண்ணி பெயரில்தான் வாங்கினார்கள். சீனியும் கூடப் போயிருந்தான், சாட்சி மாதிரி நின்றான். இருந்தும் சுவிட்ச் வைத்த அன்று, வண்டிக்காரர் யார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அண்ணன் கையைப் பிடித்துக் காட்டினான். ஆம்பளை நிற்கும்போது பொம்பளையிடம் எதற்குக் காட்டுவது? அன்றைக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே படவில்லை.

லோரிச் சத்தம் கேட்டது. அண்ணன் பசியாற வந்துவிட்டான்.

லோரியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். திறந்திருந்த பானட்டைப் பார்த்தான், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்தான், மண்டியிட்டிருந்த தம்பியைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"என்னாடா, பம்பா?"

சீனி சொல்லவேண்டிய பதிலையும் அவனே கேள்வியில் வைத்துக் கொடுத்துவிட்டான். ஆமாண்ணே என்று ஒரு வார்த்தை போதும். அண்ணி உள்ளே போய்ச் சலவைக்கடை அம்மாவுக்கு ஃபோன் போடுவாள், அண்ணன் பசியாறுவான், சீனி ஈப்போவுக்குப் போவான், எல்லாம் பழையபடி இருக்கும். அண்ணி அண்ணனைப் பார்க்கவே இல்லை. சீனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பம்பு இல்லண்ணே" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "அண்ணி, இப்படி உக்காருங்க. கைய உள்ள விடுங்க. மேல, இன்னும் மேல. அங்க சின்னதா ஒண்ணு தட்டுப்படுதா?"

அவள் புதுச் சூட்டோடு தரையில் மண்டியிட்டுக் கையை விட்டாள்.

"ஆமா."

"அழுத்துங்க."

அழுத்தினாள். சீனி முன்னால் போய் வால்வில் வயரை மாட்டிவிட்டு, "திரும்ப அழுத்துங்க" என்றான். பம்பின் தலையில் 'டக்' என்று கேட்டது. அவள் மறுபடி அழுத்தினாள், மறுபடி கேட்டது. ஐந்தாறு தடவை அழுத்திப் பார்த்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"எவ்ளோண்டு இருக்கு" என்றாள். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "யாரு வச்சது?"

"நான்தான் அண்ணி. திருட்டுக்காக வச்சது."

"எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

சீனி அண்ணனைப் பார்த்தான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா பதினாறுக்கும் இதானா?"

அண்ணன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீ அழுதுகிட்டே இருந்தே புனிதா. அழுதுகிட்டே அவ்ளோ தூரம் ஓட்டுவே. பயமா இருந்துச்சு."

"நீங்க ஓட்டியிருக்கலாம்ல?"

அவன் லோரியைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னிக்கு எதுக்கு?"

"காம்பார்ல வேல கெடச்சா நீ அங்கயே ரூம் பாத்துருவே."

"நான் அப்படிச் சொன்னனா?"

"சொல்லல. ஆனா எனக்குத் தெரியும்லா. மொதல்ல நம்ம மக தினேஸ்வரி போனா, ஜொகூர்ல வேலன்னா. வருஷத்துக்கு ஒரு தடவ தீவாளிக்கு வாரா. நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் என்னா பண்ணுவேன்?"

மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னான். சீனிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம்தான் இத்தனை வருஷமாகத் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் அதே நிமிஷத்தில் உறைத்தது. அண்ணன் யாரையும் கட்டிப்போடவில்லை. அவனை விட்டுப் போக முடியாதபடி எல்லோரையும் இரக்கப்பட வைத்தான், அது போதாத இடத்தில் சுவிட்ச்.

அண்ணி மணியைப் பார்த்தாள். எட்டரை தாண்டியிருந்தது.

"சீனி, அத எடுத்துரு."

"இப்ப போட்டுத்தான் இருக்கு அண்ணி. நீங்க போலாம். சாயங்காலம் நான் எடுத்து..."

"இப்பவே எடு."

"கால் மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

சீனி வண்டிக்குள் மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தான். உள்ளே இருட்டு. பையிலிருந்து டார்ச்சை எடுக்கக் கையை நீட்டுமுன் மேலே வெளிச்சம் விழுந்தது. அண்ணன் தன் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். சின்ன வயதிலிருந்தே தம்பி எதையாவது பிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் விளக்குப் பிடிப்பது அவன்தான். இப்போதும் கை தானாக வந்துவிட்டது போல. வேண்டாம் என்று சீனி சொல்லவில்லை. சுவிட்சை வெட்டி எடுத்தான், இரண்டு வயரையும் முறுக்கி ஈயம் வைத்து ஒன்றாக்கி, டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினான். இந்த வண்டியில் இனி யார் நினைத்தாலும் பம்பின் கரண்டை உள்ளேயிருந்து நிறுத்த முடியாது.

அண்ணி சாவியைத் திருப்பினாள். முதல் அடியிலேயே எடுத்தது. பழைய டீசலின் கடகடச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின.

சீனி அந்தச் சுவிட்சை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினான். அவள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, எனக்குத் தெரியாது. சத்தியமா, இப்பதான்..."

"தெரியாதுன்னு தெரியும்" என்றாள். "ஆனா அன்னிக்கு பம்புன்னு சொன்னது நீதான? தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல? நீ சொன்னத நம்பித்தான் நான் எறங்கி உள்ள போனேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இருபத்தைந்து வருஷத்துப் பழக்கத்தில் அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வண்டி செம்மண் பாதையில் இறங்கியது. புழுதி அடங்க ரொம்ப நேரமாயிற்று. அண்ணனும் தம்பியும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"திரும்பி வருவாளாடா?"

வருவாங்கண்ணே என்று சொல்வதுதான் எப்போதும் அவன் வழக்கம். "தெரியலண்ணே" என்றான்.

அண்ணன் தலையை ஆட்டினான். சீனி பையைத் தூக்கிக்கொண்டு தன் மோட்டாரை நோக்கி நடந்தான். ஹெல்மெட்டை எடுத்தபோது அண்ணன் பின்னாலேயே வந்து நிற்பது தெரிந்தது.

"நீ சாயங்காலம் வந்துருவல்ல?"

கேட்க வேண்டிய கேள்விகள் சீனியிடம் இருந்தன. சிங்கப்பூர் போகிற அன்று வந்த நெஞ்சு வலி நிஜமாண்ணே? நிச்சயம் நின்றதற்கு என்ன காரணம்? கேட்டால் அண்ணன் பொய் சொல்லமாட்டான், அதைத்தான் இப்போது பார்த்தாயிற்று. அதனாலேயே கேட்கப் பயமாக இருந்தது. திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி வாசலில் பொட்டலத்தோடு காத்திருந்த முகம்தான், தாடி மட்டும் நரைத்திருந்தது.

"வந்துருவேண்ணே" என்று வாய் சொல்லிவிட்டது.

பதினொன்றரைக்குப் பட்டறையில் ஒரு பிக்கப்பின் அடியில் கிடந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. அண்ணி குரல் பதிந்து அனுப்பியிருந்தாள். 'கெடச்சிருச்சு சீனி. திங்கக்கெழமலேர்ந்து வேல. இப்ப கமுந்திங் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. அவருக்கு நீ சொல்லிரு.' அவன் அதை மூன்று தடவை கேட்டான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கடியில், தானும் அந்தப் பக்கம் போகிற ஏதாவது ஒரு வண்டியில் ஏறிவிட வேண்டும் என்று ஒரு துடிப்பு வந்து, வந்த வேகத்திலேயே அடங்கிப்போனது.

அண்ணனிடம் ஃபோனில் சொல்லிவிட்டு, ஆறரை மணிக்குத் தோட்டத்துக்குத் திரும்பினான். அண்ணன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், தினமும் சாயங்காலம் அண்ணி உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தான். இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி மூடி வைத்திருந்தான்.

"உக்காருடா" என்றான்.

சீனி அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.